ஊடகக் கல்வியும் ஒரு நூலின் பிழையும்

மகன் மருத்துவம் படிக்கின்றான் என்று தந்தை கூறினால் கேட்போர் மேலும் வினவுவதில்லை. சட்டம் என்றாலும் அவ்வாறே. பல்கலைக்கழகத்தில் ஊடகம் படிக்கின்றான் என்றால் மட்டும், "படித்து எந்த வேலைக்குப் போவான்?" என்னும் வினா உடனே எழுகின்றது. இங்கிலாந்தில் இவ்வினா பல்லாண்டுகளாக வீட்டுத் திண்ணையிலிருந்து அமைச்சர் அவை வரை கேட்கப்பட்டு வரும் வினாவாகும். 2003-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், உயர்கல்விக்குப் பொறுப்பேற்றிருந்த மார்கரெட் ஹாட்ஜ் அம்மையார் தரங்குன்றிய பட்டப் படிப்புகளை 'மிக்கி மவுஸ்' படிப்புகள் என்று பழித்தார். கேலிச்சித்திர எலியின் பெயரைப் படிப்புக்குச் சூட்டும் வழக்கம் அவருக்கு முன்பும் உண்டு, பின்பும் உண்டு. அப்பெயரைச் சூட்டும்பொழுது நாளிதழ்கள் பெரும்பாலும் முன்னே இழுத்து நிறுத்துவது ஊடகப் படிப்பையே. நாளிதழைப் பற்றிய கல்வியை நாளிதழே எள்ளி நகையாடுவது ஒரு வேடிக்கைதான்.

இப்பழிக்குப் பல்கலைக்கழகங்கள் கூறும் மறுமொழி யாது? செய்தியாளர், தயாரிப்பாளர், விளம்பரத்துறையாளர், மக்கள் தொடர்பு அலுவலர், ஆய்வாளர் என்று வேலைகளை வரிசைப்படுத்தி விளக்கக் கையேட்டில் அச்சிடுகின்றன. பழிப்போரும் வேலையைக் காட்டிப் பழிக்கின்றனர். புகழ்வோரும் வேலையைக் காட்டியே புகழ்கின்றனர். பதினெட்டு வயது மாணவன் இவ்விரு கூற்றுகளுக்கும் இடையே நின்று தன் மூன்றாண்டு வாழ்வை ஒப்படைக்க வேண்டியவனாகின்றான். இந்தப் படிப்பு எதற்காகத் தோன்றியது என்பதை இரு திறத்தாருமே மறந்தனர் என்பதை அறிய, அது தோன்றுவதற்குக் காரணமாயிருந்த ஒரு நூலைத் திரும்ப எடுத்துப் படித்தல் வேண்டும். ரிச்சர்ட் ஹாகர்ட் என்பார் எழுதி 1957-ஆம் ஆண்டில் வெளிவந்த 'எழுத்தறிவின் பயன்கள்' என்னும் நூலே அது.

ஹாகர்ட் 1918-இல் லீட்ஸ் நகரில் பிறந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்தார். எட்டாண்டு நிரம்பும் பருவத்தில் தாயையும் இழந்தார். ஹன்ஸ்லெட் என்னும் தொழிலாளர் குடியிருப்பில் பாட்டியின் வீட்டில் வளர்ந்து, உதவித்தொகை பெற்று உயர்நிலைப் பள்ளியும் பல்கலைக்கழகமும் சென்றார். உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றித் திரும்பியபின், 1946 முதல் 1959 வரை ஹல் பல்கலைக்கழகத்தின் புறநிலைக் கல்வித் துறையில் ஆசிரியராக இருந்தார். புறநிலைக் கல்வியாவது, பகலெல்லாம் உழைத்துவிட்டு மாலையில் படிக்க வரும் முதியோர்க்கு நடத்தும் வகுப்பு. பட்டத்திற்காக வருவோர் அங்கே குறைவு. வேலை உயர்வுக்காக வருவோர் அதனினும் குறைவு. ஊடகக் கல்வி என்று பின்னர்ப் பெயர்பெற்ற துறையின் விதை விழுந்த இடம் இந்த மாலை வகுப்பே என்பது மனத்திற்கொள்ளத்தக்கது. அதே காலத்தில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகத்தின் சார்பில் அத்தகைய வகுப்புகளை நடத்திய ரேமண்ட் வில்லியம்ஸ் என்பாரும் இத்துறைக்கு மற்றொரு தந்தையானார்.

மாலை வகுப்பிலே ஷேக்ஸ்பியரைக் கற்பித்த ஆசிரியர் ஒருவருக்கு ஓர் ஐயம் எழுந்தது. இங்கு வரும் இருபது பேர் போக, அத்தெருவில் உள்ள ஏனையோர் எதைப் படிக்கின்றனர்? எழுத்தறிவு அனைவருக்கும் வாய்த்துவிட்டது. அவ்வெழுத்தறிவைக் கொண்டு அவர்கள் நாடோறும் படிப்பது வார இதழ், காதற்கதை, ஞாயிற்றுக்கிழமைச் செய்தித்தாள், விளம்பரம் ஆகியவை. அவற்றைக் குப்பை என்று ஒதுக்குவதே கற்றோர் வழக்கம். ஹாகர்ட் ஒதுக்கவில்லை. கவிதை வகுப்பில் ஒரு பாடலை எத்துணைப் பொறுமையுடன் சொற்சொல்லாகப் பிரித்துப் பார்ப்பரோ, அத்துணைப் பொறுமையுடன் ஆலைப் பெண்கள் படித்த மலிவு விலைக் கதை இதழ்களைப் பார்த்தார். 'பெக்ஸ் பேப்பர்' போன்ற அவ்விதழ்களின் கதை பச்சையானது, நடை எளியது, முடிவு முன்கூட்டியே தெரிவது. ஆயினும் அவற்றில் வரும் வீடு உண்மையான வீடு. அடுப்பங்கரையும் வாடகைக் கவலையும் அண்டை வீட்டாரின் வாயும் உண்மையானவை. பிழைசெய்தார் வருந்துவர் என்னும் நெறி அத்தெருவார் உளமார நம்பிய நெறி. படிப்பவள் ஏமாளியல்லள், தன் வாழ்வின் உருவை அங்கே அடையாளம் காண்கின்றாள் என்பது ஹாகர்ட் கண்ட முடிவு.

இம்முறை தமிழாசிரியர்க்குப் புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்பவற்றையும் எண்ணுகின்றது. ஓர் அகப்பாட்டைக் கையில் எடுத்தவுடன், சொல்லியவள் தோழியா தலைவியா, கேட்பவன் சிறைப்புறத்தானா, சொல்லியதன் பயன் வரைவு கடாதலா என்று கேட்டுப் பழகியவர்க்கு, ஒரு விளம்பரத்தை எடுத்துச் சொல்பவர் யார், யாரை நோக்கிச் சொல்கின்றார், எந்தப் பயன் கருதிச் சொல்கின்றார் என்று கேட்பது கடினமாகாது. மேலை நாட்டில் பெரும்புதுமை என்று பேசப்பட்டது, பாட்டுக்கு மட்டும் உரியதாயிருந்த கருவியை அங்காடிச் சரக்கின் மீதும் செலுத்திய துணிவே. துணிவு என்றது மிகையன்று. ஆங்கிலத் துறையினர் பலர் அதனைத் தம் துறைக்கு இழுக்காகவே கருதினர்.

நூலின் முற்பகுதி பெற்ற புகழுக்கு முற்றும் உரியதே. பாட்டியின் வீடு, தொழிலாளர் மன்றத்தில் பாடும் முறை, 'நாம்' என்றும் 'அவர்கள்' என்றும் உலகை இரண்டாகப் பகுத்துப் பேசும் பேச்சு ஆகியவற்றை அவர் கண்டெழுதியதைப் போல அதற்குமுன் எழுதினோர் மிகச் சிலர். குறை பிற்பகுதியில் உள்ளது, அக்குறை சிறியதன்று.

பிற்பகுதியில், அமெரிக்கப் பாணியில் புதிதாகப் பெருகிய வன்முறைக் கதைகளையும் பளபளப்பான இதழ்களையும் கண்டித்து எழுதப் புகுந்தார். உண்மையான நூல்களின் பெயரையும் பகுதிகளையும் எடுத்துக்காட்டியே முதலில் எழுதியிருந்தார். பதிப்பகத்தாரின் வழக்கறிஞர்கள், பெயர் சுட்டிக் கண்டித்தால் மானநட்ட வழக்கு வரும் என்று அஞ்சினர். 'எழுத்தறிவின் கேடுகள்' என்று பொருள்படும்படி அவர் முதலில் வைத்திருந்த தலைப்பு இன்றுள்ள தலைப்பாக மாறியது. எடுத்துக்காட்டுகளும் மாறின. உண்மைப் பகுதிகளை நீக்கிவிட்டு, அவற்றைப் போன்ற பகுதிகளை ஹாகர்ட் தாமே எழுதிச் சேர்த்தார்! குண்டர் கதையின் நடையைக் கண்டிக்கும் திறனாய்வாளர், குண்டர் கதையைத் தாமே புனைந்து, தாமே கண்டிக்கும் நிலை நேர்ந்தது.

அவர் அதனைத் திறம்படவே செய்தார் என்பர். திறம்படச் செய்ததே இடர். முற்பகுதியில் வரும் காதற்கதை இதழ்களோடு அவர் உடன் வளர்ந்தவர். அவற்றைப் படித்த பெண்களின் முகம் அவருக்குத் தெரியும். பிற்பகுதியிலோ, அவரே எழுதிய பகுதியில் அவரே வைத்த பொருளைத்தான் அவரால் எடுக்க இயலும். தன் கையால் வைத்த காசைத் தானே கண்டெடுத்து மகிழ்வதில் பயன் என்ன? அதனைப் படித்த இளைஞன் அதில் வேறொன்றைக் கண்டிருத்தல் கூடுமோ என்னும் வினாவிற்கு அங்கே இடமேயில்லை.

அவ்விளைஞனை அவர் கண்ட விதமும் அத்தகையதே. பால்கடைகளில் மாலைதோறும் கூடி, இசைத்தட்டுப் பெட்டியில் காசிட்டு அமெரிக்கப் பாடல் கேட்டிருக்கும் பதினைந்து முதல் இருபது வயது வரையுள்ள பையன்களைப் பற்றி ஒரு புகழ்பெற்ற பகுதி அந்நூலில் உள்ளது. அவர்தம் உடையையும் நடையையும் வெறித்த பார்வையையும் ஹாகர்ட் தீட்டுகின்றார். அவர்களோடு பேசியதாக ஒரு குறிப்பும் அப்பகுதியில் இல்லை. பாட்டியின் வீட்டைப் பற்றி எழுதும்பொழுது உள்ளேயிருந்து எழுதியவர், பால்கடையைப் பற்றி எழுதும்பொழுது கண்ணாடிக்கு வெளியே நின்று எழுதினார். தாம் வளர்ந்த காலத்து இதழ் நல்லது, பிறர் வளரும் காலத்து இசை தீயது என்னும் முடிவு எல்லாத் தலைமுறைக்கும் எளிதில் வாய்ப்பதே. கற்றறிந்த ஹாகர்ட்டும் அதற்கு விலக்காகவில்லை.

இப்பிழையைச் சற்று விரித்துரைத்தற்குக் காரணம் உண்டு. பின்வந்த ஊடகக் கல்வியின் வரலாற்றைப் பெரும்பாலும் இப்பிழையைத் திருத்திய வரலாறாகவே காணலாம்.

1960-ஆம் ஆண்டில் 'லேடி சாட்டர்லியின் காதலன்' என்னும் நாவலை வெளியிட்டமைக்காகப் பெங்குவின் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடரப்பட்டபோது, அந்நாவலின் சார்பில் சான்று கூறியவருள் ஹாகர்ட் முதன்மையானவர். வழக்கில் வென்ற பெங்குவின் நிறுவனர் ஆலன் லேன், ஹாகர்ட் பின்னர்ப் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு மையம் தொடங்க முனைந்தபோது பொருளுதவி செய்தார். நாவல் வழக்கின் நன்றியிலிருந்து ஒரு கல்வித்துறை பிறந்தது என்றும் சொல்லலாம். 1964-இல் தொடங்கிய 'தற்காலப் பண்பாட்டு ஆய்வு மையம்' ஆங்கிலத் துறையின் ஒரு மூலையில், பட்டமேற்படிப்பு மாணவர் சிலருக்கு மட்டும் இடமளித்து நடந்தது.

ஹாகர்ட் தம் துணைக்கு அழைத்துக்கொண்டவர் ஸ்டூவர்ட் ஹால். ஜமைக்காவில் 1932-இல் பிறந்து, உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டு வந்தவர். இலண்டன் பள்ளிகளில் மாற்றாசிரியராகத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். பேடி வானல் என்பாருடன் சேர்ந்து 1964-இல் அவர் வெளியிட்ட 'மக்கட்கலைகள்' என்னும் நூல் பள்ளியாசிரியர்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்டது. பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் பாட்டையும் பார்க்கும் படத்தையும் வகுப்பறையில் வைத்துப் பேசுவது எங்ஙனம் என்பதே அதன் பொருள். பால்கடைக் கண்ணாடிக்கு உட்புறம் சென்று அமர்ந்த முதல் முயற்சி இது.

ஹாகர்ட் யுனெஸ்கோ பணிக்குச் சென்றபின் மையத்தை நடத்திய ஹால், 1973-இல் தொலைக்காட்சியைப் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். அனுப்புவோர் ஒரு பொருளை வைத்து அனுப்புகின்றனர்; பெறுவோர் அதனை மூவகையாகக் கொள்ளலாம் என்பது அதன் சாரம். ஆலை வேலைநிறுத்தத்தால் நாட்டிற்கு இழப்பு என்று செய்தி வருகின்றது. ஒருவர் அதனை அப்படியே ஏற்கின்றார். மற்றொருவர், நாட்டிற்கு இழப்புதான், ஆயினும் எங்கள் ஆலையில் கேட்ட கூலி நியாயமே என்று பாதி ஏற்றுப் பாதி மறுக்கின்றார். மூன்றாமவர், இழப்பு என்று கணக்கிட்டவர் யார் என்று கேட்டுச் செய்தியின் அடிப்படையையே மறுக்கின்றார். சொல்லியவன் கருத்தே கேட்டவன் கருத்தாகிவிடாது என்னும் இவ்வுண்மையை, குண்டர் கதையைத் தாமே எழுதித் தாமே படித்த ஹாகர்ட்டுக்கு அதே மையம் கூறிய மறுமொழி என்று கொள்ளலாம்.

ஹாலின் கருத்தும் மேசைக் கருத்தாகவே நின்றிருக்கலாம். அம்மையத்தில் பயின்ற டேவிட் மார்லி, பி.பி.சி.யின் 'நேஷன்வைடு' என்னும் மாலை நிகழ்ச்சியின் பதிவை எடுத்துச்சென்று, மேலாளர், தொழிற்பயிற்சி பெறும் இளைஞர், தொழிற்சங்கத்தார், மாணவர் என 29 குழுக்களுக்குக் காட்டி, அவர்கள் பேசியதைக் கேட்டு 1980-இல் நூலாக்கினார். தொழிலாளி என்பதாலேயே ஒருவன் எதிர்த்துப் படிப்பான், மேலாளன் என்பதாலேயே ஏற்றுப் படிப்பான் என்று எதிர்பார்த்தோர்க்கு அந்நூல் ஏமாற்றம் அளித்தது. தொழிலாளர்களே ஒரு குழுவில் ஒருவாறும் மற்றொரு குழுவில் வேறாகவும் பொருள்கொண்டனர். ஆசிரியரின் கோட்பாட்டை மாணவர் சோதித்துப் பாதி திருத்திய இந்நிகழ்ச்சியே, ஊடகக் கல்வி கல்வியென்னும் பெயருக்கு உரியதென்பதற்கு நல்ல சான்று.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகக் குழுவினர் செய்த பணியும் ஈண்டுக் குறிக்கத்தக்கது. அவர்கள் தொலைக்காட்சிச் செய்திகளை மாதக்கணக்கில் பதிவு செய்து எண்ணிப் பார்த்து, 1976-இல் 'கெட்ட செய்தி' என்னும் நூலை வெளியிட்டனர். 1975 சனவரியில் தலைமை அமைச்சர் ஹெரால்ட் வில்சன் மோட்டார்த் தொழிலைப் பற்றிப் பேசிய பேச்சு, ஆலை நடத்துவோரையும் தொழிலாளரையும் ஒருங்கே குறித்தது. நாள் செல்லச் செல்ல, அது தொழிலாளரை மட்டும் கண்டித்த பேச்சாகவே செய்திகளில் உருமாறியதை அவர்கள் காட்டினர். பொய் சொல்லியவர் எவருமிலர். ஒவ்வொரு நாளும் ஒரு சொல் கழிந்தது, அவ்வளவே.

இதுவரை கூறியதெல்லாம் படிக்கும் கலை. செய்தித்தொழிலுக்கு ஆள் பழக்குவது முற்றிலும் வேறிடத்தில் நடந்துவந்தது. பிரிட்டனில் செய்தியாளராக விரும்பியவன் உள்ளூர் இதழில் ஒப்பந்தம் எழுதிச் சேர்வான். குற்றவியல் நடுவர் மன்றத்திலும் நகரவைக் கூட்டத்திலும் இழவு வீட்டிலும் நின்று குறிப்பெடுப்பான். இலண்டன் பல்கலைக்கழகம் 1919-இல் இதழியல் பட்டயப் படிப்பொன்றைத் தொடங்கியது. 1939-இல் போர் வந்தவுடன் அது நின்றது, மீண்டும் தொடங்கப்படவில்லை. 1951 முதல் செய்தியாளர் பயிற்சிக்கென ஒரு தேசிய மன்றம் அமைந்து தேர்வு நடத்திவருகின்றது. நிமிடத்திற்கு 100 சொல் சுருக்கெழுத்து எழுதுதல் அத்தேர்வின் புகழ்பெற்ற அளவு. சுருக்கெழுத்தைப் பழமை என்று நகைப்போர், நீதிமன்றத்தில் ஒலிப்பதிவுக் கருவிக்குத் தடையுண்டு என்பதை நினைவுகூர்க.

அமெரிக்கர் இவ்வகையில் முந்திக்கொண்டனர். மிசௌரிப் பல்கலைக்கழகத்தின் இதழியற்பள்ளி 1908-இலேயே தொடங்கியது. இதழுலகில் பெரும்பொருள் ஈட்டிய ஜோசப் புலிட்சர் விட்டுச்சென்ற கொடையால் 1912-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் பள்ளி திறக்கப்பட்டது. விளம்பரமும் விற்பனையும் அப்பள்ளியில் கற்பிக்கப்படலாகாது என்று புலிட்சர் 1904-இல் எழுதிய கட்டுரையில் வற்புறுத்தியிருந்தது வியப்புக்குரியது. வணிகத்தில் அவரை வென்றோர் சிலரே!

பிரிட்டனில் பல்கலைக்கழகப் பயிற்சிக்கு வழி திறந்தவர் டாம் ஹாப்கின்சன். 'பிக்சர் போஸ்ட்' என்னும் பட இதழின் ஆசிரியராயிருந்த அவர், கொரியாவில் கைதிகள் நடத்தப்பட்ட கொடுமையைப் பற்றிய கட்டுரையையும் படங்களையும் வெளியிட வற்புறுத்தியமையால் 1950-இல் உரிமையாளர் எட்வர்ட் ஹல்டனால் நீக்கப்பட்டவர். அவர் 1970-இல் கார்டிஃப் நகரில் பட்டமேற்படிப்பாக இதழியல் பயிற்சியைத் தொடங்கினார். எதை வெளியிடுவது என்னும் வினாவிற்காகப் பதவியை இழந்த ஒருவர், எப்படி எழுதுவது என்று கற்பிக்க வந்தார் என்பது அப்பயிற்சிக்குப் பெருமையே.

இவ்விரு ஆறுகளும் ஒரே வாய்க்காலில் விடப்பட்டது 1975-இல். மத்திய இலண்டன் பாலிடெக்னிக் என்னும் நிறுவனம், ஊடக ஆய்வுக்கென நாட்டின் முதல் இளநிலைப் பட்டப் படிப்பைத் தொடங்கியது. அதன் ரீஜண்ட் தெருக் கட்டடத்தில்தான் 1896-இல் லூமியர் உடன்பிறந்தாரின் நகரும் படம் பிரிட்டானியப் பொதுமக்களுக்கு முதன்முதல் காட்டப்பட்டது. 1992-இல் அது வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகமாயிற்று. ஹாலின் கோட்பாட்டையும் ஒளிப்பதிவுக் கருவியையும் ஒரே மாணவன் கையில் கொடுப்பது அதன் நோக்கம். நோக்கம் நன்று. பிற நிறுவனங்கள் அதனைப் பின்பற்றிய விதந்தான் எல்லா இடத்தும் நன்றாக அமையவில்லை. சில இடங்களில் கோட்பாடு மனப்பாடமாயிற்று; மூவகைப் படிப்பு என்று ஒப்பித்துவிட்டு, ஒரு நாளிதழைக்கூட முதற்பக்கம் முதல் இறுதிப்பக்கம் வரை படியாத மாணவர் பட்டம் பெற்றனர். சில இடங்களில் கருவி மட்டும் மிஞ்சியது. கருவியோ ஐந்தாண்டில் பழையதாகின்றது. இருவகையாரும் 'எந்த வேலை?' என்னும் வினாமுன் தலைகுனிய நேர்ந்தது.

சிங்கப்பூர் வாசகர்க்கு இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வரலாம். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1992-இல் தொடங்கிய தொடர்பியற்பள்ளி 2006 முதல் வீ கிம் வீ அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நாட்டின் நான்காம் அதிபராக விளங்கிய அவர், பட்டம் எதுவும் பெறாமல், இளவயதில் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து இதழாசிரியராக உயர்ந்தவர். பழைய வழியில் வந்தவர் பெயரே புதிய வழியின் வாயிலில் பொறிக்கப்பட்டுள்ளது. அப்பழைய வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. எழுத்தராகச் சேர்ந்து ஆசிரியராக உயரும் படிக்கட்டு இன்றைய செய்தி நிறுவனங்களில் அரிது.

படிக்கட்டு அடைபட்டதனால் யார் நுழைகின்றனர் என்பதே வேலையைப் பற்றிய மெய்யான வினா. பிரிட்டனின் சட்டன் அறக்கட்டளை 2006-இல் முன்னணிச் செய்தியாளர் 100 பேரின் கல்வியை ஆராய்ந்தபோது, அவருள் 54 பேர் கட்டணப் பள்ளிகளில் பயின்றவர் என்று கண்டது. நாட்டுப் பிள்ளைகளுள் அப்பள்ளிகளில் பயில்வோர் நூற்றுக்கு ஏழளவினரே. ஊதியமின்றியோ சிறு ஊதியத்திற்கோ இலண்டனில் மாதக்கணக்கில் தங்கிப் பழக வல்லவர்க்கே முதல் வாய்ப்புக் கிட்டுகின்றது என்பது அத்தொழிலின் நெடுநாட் குறை. ஊடகப் பட்டம் பயனற்றது என்று கேலி பேசும் இதழ்கள், அப்பட்டம் பெற்ற தொழிலாளி மகன் ஏன் தம் அலுவலகத்தில் குறைவாக இருக்கின்றான் என்பதை அத்துணை விரிவாக ஆராய்வதில்லை.

ஈண்டு ஹாகர்ட்டின் நூல் மீண்டும் உதவுகின்றது. அதன் பிற்பகுதியில், பிழையேதும் படியாத ஓர் இயல் உண்டு. உதவித்தொகை மாணவனைப் பற்றியது. வீட்டில் ஒரே அறையில் அடுப்பெரியும், தாய் துணி தேய்ப்பாள், வானொலி பாடும், உடன்பிறந்தோர் பேசுவர். மூலையில் மேசையில் அமர்ந்து அவன் மட்டும் பாடம் எழுதுவான். படிக்கப் படிக்க அவன் அவ்வறைக்கு அயலானாகின்றான். சென்று சேரும் உலகத்திற்கோ என்றும் முழுதும் உரியவனாவதில்லை. ஹாகர்ட் இதனைத் தம் வாழ்வாகவே எழுதினார். சட்டன் அறக்கட்டளையின் எண் காட்டுவது இம்மாணவன் வாயிலில் நிற்கும் நிலையையே. அவனுக்கு ஊடகப் படிப்பு வேலைச்சீட்டாக விற்கப்படுமானால், அவனை முதலில் ஏமாற்றுவது அப்படிப்பேயாகும்.

அங்ஙனமாயின் அப்படிப்பு எங்கே கொண்டுசேர்க்கின்றது? பர்மிங்ஹாம் மையத்தில் பயின்றோரைப் பார்த்தால் விடை தெளிவு. பால் வில்லிஸ், ஆஞ்செலா மெக்ராபி, டிக் ஹெப்டிஜ், பால் கில்ராய் முதலிய பெயர்பெற்றோர் பெரும்பாலும் ஆசிரியராயினர். தொழிலாளர் பிள்ளைகள் தொழிலாளராகவே ஆவது எங்ஙனம் என்று வில்லிஸ் 1977-இல் எழுதிய நூல் ஆசிரியப் பயிற்சியில் நெடுங்காலம் படிக்கப்பட்டது. ஏனையோர் செய்தி அறையிலும், ஒலிபரப்பிலும், பதிப்பகத்திலும், அரசு அலுவலகத்திலும், அறநிறுவனத்திலும் பணிபெறுவர். அவற்றுள் பலவற்றிற்கு வரலாறு படித்தவனும் தமிழ் படித்தவனும் போட்டியிடலாம். இதனை ஒளிக்காமல் முதல்நாளே சொல்லிவிடும் கல்லூரி நேர்மையான கல்லூரி.

தொழிற்பயிற்சி மட்டும் போதும் என்பார்க்கும் ஒரு நிகழ்ச்சியைச் சுட்டலாம். 1843-இல் தோன்றிய 'நியூஸ் ஆப் தி வேர்ல்டு' என்னும் ஞாயிறு இதழ் 2011 சூலையில் மூடப்பட்டது. பிறர் தொலைபேசிச் செய்திகளை, கொலையுண்ட சிறுமி ஒருத்தியின் கைப்பேசி உட்பட, ஒற்றுக்கேட்டமை வெளிப்பட்டதே காரணம். அவ்விதழில் தொழில் தெரியாதோர் இருந்திலர். செய்தியைத் தேடிப்பிடிப்பதில் அவர்க்கு நிகரிலர். ஊடகக் கோட்பாடு படித்திருப்பின் அக்குற்றம் நேர்ந்திராது என்று கூறுவதும் மிகையே. எனினும், இச்செய்தியைக் கேட்போர் யார், அவர் அடையும் பயன் யாது என்னும் வினாக்களை அங்கே எழுப்பக் கடமைப்பட்டவர் எவரும் இலர் என்பது அடுத்து நடந்த லெவிசன் விசாரணையைப் படிப்போர்க்குத் தோன்றாமற்போகாது.

தம் பிள்ளைக்கோ மாணவனுக்கோ இப்படிப்பைத் தேடும் ஆசிரியர், வேலைப் பட்டியலை விடுத்துப் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம். மாணவன் நீதிமன்றத்திற்கும் நகரவைக்கும் அனுப்பப்படுகின்றானா? ஒரே நிகழ்ச்சியை நான்கு இதழ்கள் எழுதிய வகையைச் சொற்சொல்லாக ஒப்பிட்டு எழுதுகின்றானா? தான் எழுதியதைப் படித்த ஒருவரையேனும் தேடிச்சென்று, என்ன விளங்கியது என்று கேட்டு வருகின்றானா? கைப்பேசித் திரைக்கு எழுதுவோர்க்கு இம்மூன்றாவது இன்னும் இன்றியமையாதது. திரையைத் தொட்டவர் எத்தனை பேர் என்று பொறி கணக்கிட்டுக் கொடுத்துவிடுகின்றது; அவர்க்கு என்ன விளங்கிற்று என்பதை அது சொல்வதில்லை. பால்கடைக் கண்ணாடிக்கு வெளியே ஹாகர்ட் நின்ற இடத்தில் இன்று அப்பொறி நிற்கின்றது.

பர்மிங்ஹாம் மையம் பின்னர்ப் பல்கலைக்கழகத் துறையாக வளர்ந்தது. 2001-இல் நாடெங்கும் நடந்த ஆராய்ச்சித் தர மதிப்பீட்டில் அத்துறைக்கு '3அ' என்னும் புள்ளி கிடைத்தது. அப்புள்ளி போதாதென்று பல்கலைக்கழகம் 2002-இல் துறையையே மூடிற்று. மாணவர் கிளர்ச்சி பயன்தரவில்லை. ஸ்டூவர்ட் ஹால் 2014 பிப்ரவரி 10-ஆம் நாளும், ஹாகர்ட் அதே ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாளும் மறைந்தனர். மையம் தோன்றி ஐம்பதாண்டு நிறைந்த அவ்வாண்டிலேயே, அதனை மூடிய பல்கலைக்கழகம் அதன் நினைவாக மாநாடு ஒன்றைக் கூட்டியது. மையத்தின் கையெழுத்து ஏடுகளும் சுற்றறிக்கைகளும் அப்பல்கலைக்கழக நூலகத்தில் இன்று ஆராய்ச்சியாளர்க்காகக் காக்கப்படுகின்றன.